ஆரக்கிள் தரவுத்தளத்தின் உள்விவர வியூக்களைப் படிப்பது எப்படி: புதிதாகப் பொறுப்பேற்போருக்கு

ஓடிக்கொண்டிருக்கும் ஆரக்கிள் தரவுத்தளம் ஒன்றின் பொறுப்பு முதன்முதலாக என் கைக்கு வந்தபோது எனக்கு எஸ்க்யூஎல் தெரிந்திருந்தது, பேக்கப் எடுக்கத் தெரிந்திருந்தது. ஆனால் தரவுத்தளம் தன் நிலையைப் பற்றித் தானே எழுதிவைக்கும் விவரங்களை எப்படிப் படிப்பது என்று தெரிந்திருக்கவில்லை. கிடைத்த ஸ்கிரிப்ட்டுகளை ஓட்டினேன், எண்கள் வந்தன, அவற்றை நம்பி மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினேன், அவற்றில் பல தவறான முடிவுக்கு இட்டுச் சென்றன. ஸ்கிரிப்ட்டுகளில் பிழை ஏதும் இல்லை. ஓர் எண் எப்போது எழுதப்பட்டது, எந்த நேரத்திலிருந்து எண்ணப்பட்டது, எந்த அலகில் சொல்லப்படுகிறது என்று நான் கேட்காமல் விட்டதே காரணம். அந்த அலைச்சல் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்பதற்காக, எந்த வரிசையில் போவது நல்லது என்பதை இங்கே எழுதுகிறேன்.

வியூக்களின், அதாவது அட்டவணை போலவே வினவிப் படிக்கக்கூடிய காட்சிகளின், பெயர்களைப் பணியிடத்தில் உச்சரிப்பது போலவே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டாலர் குறியும் அடிக்கோடும் வரும் இடங்களைக் கவனமாகப் பாருங்கள். அடிக்கோடு ஒன்று விடுபட்டாலே கட்டளை நின்றுவிடும்.

1. உள்ளே நுழையும் முன் இரண்டு ஆவணங்களைக் கேட்டு வாங்குங்கள்

முதலாவது, உங்களுக்கு எந்தெந்தத் தரவுத்தளத்தில் என்ன உரிமை தரப்படுகிறது என்ற எழுத்துபூர்வமான அனுமதி. இரண்டாவது, உங்கள் நிறுவனம் ஆரக்கிளின் எந்தப் பதிப்புக்கு, எந்தெந்தக் கூடுதல் பேக்குகளுக்கு (தனி உரிமம் வேண்டிய வசதித் தொகுப்புகளுக்கு) உரிமம் வாங்கியிருக்கிறது என்று காட்டும் ஆவணம். இந்த இரண்டாவது தாளை யாரும் தாமாகக் கொண்டுவந்து தருவதில்லை, பெரும்பாலும் அது கொள்முதல் பிரிவின் கோப்பில்தான் இருக்கும். அது ஏன் முதல் நாளே தேவை என்பது 7-ஆம் படியில் விளங்கும்.

உரிமை கேட்கும்போது, தரவுத்தள நிர்வாகிக்குரிய டிபிஏ ரோலைக் கேட்காதீர்கள் (ரோல் என்பது உரிமைகளின் தொகுப்பு). உள்விவரங்களைப் பார்ப்பதற்கு மட்டும் செலக்ட்_கேட்டலாக்_ரோல் என்ற ரோலே போதும். அதைக் கொண்டு தரவு அகராதி வியூக்களையும் செயல்திறன் வியூக்களையும் படிக்கலாம், பயன்பாட்டு அட்டவணைகளில் உள்ள தரவு உங்கள் கண்ணில் படாது. பாதுகாப்புப் பிரிவினர் தயக்கமின்றிக் கையெழுத்திடுவதும் இதற்குத்தான்.

ஆனால் இதில் ஒரு குழி இருக்கிறது. நேரடியாக வினவும்போது எல்லாம் சரியாக வரும். அதே வினவலை, தரவுத்தளத்திலேயே சேமித்துவைக்கும் நிரலான ஒரு புரொசீஜருக்குள் எழுதினால், "அட்டவணையோ வியூவோ இல்லை" என்னும் ஓஆர்ஏ-00942 பிழை வந்து நிற்கும். எழுதியவரின் உரிமையில் இயங்கும் புரொசீஜருக்குள் ரோல்கள் செல்லுபடியாவதில்லை என்பதே காரணம். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. செலக்ட் எனி டிக்ஷனரி என்ற சிஸ்டம் உரிமையைப் பெறுவது ஒன்று, தேவைப்படும் வியூக்களுக்கு மட்டும் நேரடி கிராண்ட், அதாவது ரோல் வழியாக அன்றிப் பயனருக்கே தரப்படும் உரிமை, பெறுவது மற்றொன்று. நான் இரண்டாவதையே விரும்புகிறேன், ஏனெனில் எந்த ஸ்கிரிப்ட் எதைப் பார்க்கிறது என்பது அனுமதித் தாளிலேயே தெளிவாகத் தெரியும்.

நேரடி கிராண்ட் தரும்போது பெயரில் தடுக்கும். வி$செஷன் என்று நாம் அழைப்பது உண்மையில் ஒரு பொதுப் புனைபெயர். அதன்மேல் கிராண்ட் கொடுக்க முயன்றால் ஓஆர்ஏ-02030 வரும். கொடுக்க வேண்டியது வி_$செஷன் என்ற, நடுவில் அடிக்கோடு உள்ள வியூவின்மேல். என் விண்ணப்பத்தில் இந்த அடிக்கோடு விடுபட்டிருந்ததால், ஒப்புதல் கிடைத்த பிறகும் கிராண்ட் கட்டளை தோற்று, விண்ணப்பம் தொடக்கத்திலிருந்து மறுபடி சுற்றி வந்தது. எனவே ரோலையும், வி_$செஷன், வி_$எஸ்க்யூஎல்ஸ்டாட்ஸ், வி_$சிஸ்டம்_ஈவென்ட், வி_$சிஸ்_டைம்_மாடல், வி_$டிரான்சாக்ஷன், வி_$இன்ஸ்டன்ஸ் ஆகியவற்றுக்கான நேரடி கிராண்ட்டுகளையும் ஒரே விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள்.

2. இரண்டு குடும்பங்களைப் பிரித்தறியுங்கள்

தரவு அகராதி வியூக்கள் வட்டில் நிலையாக இருக்கும் விவரங்களைக் காட்டுகின்றன. எந்த அட்டவணை, எந்த இண்டெக்ஸ், எந்தப் பயனர், எந்தக் கோப்பு போன்ற கேள்விகளுக்கு விடை அங்கே இருக்கிறது. இவற்றின் முன்னொட்டைக் கவனியுங்கள். யூசர்_ என்று தொடங்குவது உங்களுக்குச் சொந்தமானவற்றை மட்டும் காட்டும். ஆல்_ என்று தொடங்குவது நீங்கள் அணுகக்கூடிய அனைத்தையும் காட்டும். டிபிஏ_ என்று தொடங்குவதே தரவுத்தளம் முழுவதையும் காட்டும். ஆல்_ என்ற சொல்லை நம்பி "எல்லாம் இதில் இருக்கிறது" என்று முடிவு செய்பவர்கள் ஏராளம். ஆல்_டேபிள்ஸில் ஓர் அட்டவணை இல்லையென்றால் அது தரவுத்தளத்தில் இல்லை என்று பொருளாகாது, உங்களுக்கு உரிமை இல்லாமலும் இருக்கலாம்.

12சி பதிப்பிலிருந்து சிடிபி_ என்ற நான்காவது முன்னொட்டும் உண்டு. ஒரே பெருந்தளத்துக்குள் பல துணைத்தளங்கள் இருக்கும்போது, மூலத்தில் நின்றுகொண்டு அவை அனைத்தையும் பார்க்க இது பயன்படும். திறந்திருக்கும் துணைத்தளங்களின் விவரங்கள் மட்டுமே இதில் வரும் என்பதால், எண்ணிக்கை குறைந்தால் முதலில் எந்தத் தளம் மூடியிருக்கிறது என்று பாருங்கள்.

வி$ என்று தொடங்கும் செயல்திறன் வியூக்கள் வேறு வகை. பெரும்பாலும் இன்ஸ்டன்ஸின் (தரவுத்தளத்தை இயக்கும் செயல்முறைகளும் நினைவகமும் சேர்ந்த அமைப்பின்) நினைவகத்திலிருந்தும், சில கட்டுப்பாட்டுக் கோப்பிலிருந்தும் அந்த நொடியில் படித்துத் தரப்படுகின்றன. இதனால் ஒரு நன்மை உண்டு: தரவுத்தளம் முழுதாகத் திறக்கப்படாத நிலையிலும் இவை பேசும். இன்ஸ்டன்ஸ் மட்டும் எழுந்த நோமவுன்ட் நிலையில் வி$இன்ஸ்டன்ஸும் வி$பாராமீட்டரும் கிடைக்கும், கட்டுப்பாட்டுக் கோப்பும் திறக்கப்பட்ட மவுன்ட் நிலையில் வி$டேட்டாஃபைலும் கிடைக்கும். டிபிஏ_ வியூக்களோ தளம் திறந்தபின்தான் வரும். முன்னதாகக் கேட்டால் ஓஆர்ஏ-01219 பிழைதான் பதில். இரவில் தளம் எழ மறுக்கும்போது எந்த ஸ்கிரிப்ட் உதவும், எது உதவாது என்பதை இந்த வேறுபாடே தீர்மானிக்கிறது.

வி$ வியூக்களில், சாதாரண அட்டவணைகளுக்கு உள்ள வாசிப்பு ஒருமைப்பாடு உறுதி செய்யப்படுவதில்லை. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே அடியிலுள்ள நினைவகம் மாறிக்கொண்டிருக்கும். இரண்டு வி$ வியூக்களை இணைத்து எழுதிய வினவலில் ஒரு செஷன், அதாவது தளத்தோடு ஒரு பயனருக்குள்ள இணைப்பு, ஒரு வியூவில் காணப்பட்டு மற்றொன்றில் இல்லாமல் போனால் பதற வேண்டாம்.

பல இன்ஸ்டன்ஸ்கள் சேர்ந்து இயங்கும் ஆர்ஏசி அமைப்பில் வி$ உங்கள் இன்ஸ்டன்ஸை மட்டும் காட்டும். அங்கே ஜிவி$ என்று தொடங்குபவற்றைப் பயன்படுத்தி, இன்ஸ்ட்_ஐடி நெடுவரிசையையும் சேர்த்தே எடுங்கள்.

3. பெயர் தெரியாத வியூவைத் தரவுத்தளத்திடமே கேளுங்கள்

எல்லாப் பெயர்களையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. டிக்ஷனரி என்ற வியூவில் ஒவ்வொரு அகராதி வியூவின் பெயரும் ஒரு வரி விளக்கமும் இருக்கின்றன. டிக்ட் என்ற சுருக்கப் பெயரிலும் அதை அழைக்கலாம். நெடுவரிசைகளின் விளக்கம் டிக்ட்_காலம்ஸில் இருக்கிறது. தரவுக் கோப்புகளின் தொகுப்பைக் குறிக்கும் "டேபிள்ஸ்பேஸ்" என்ற சொல் வரும் வியூக்கள் எவை என்று கேட்டால் சில நொடிகளில் பட்டியல் கிடைக்கும்.

தேடும்போது பெயர்களைப் பெரிய எழுத்தில் கொடுங்கள். இரட்டை மேற்கோளுக்குள் இட்டு உருவாக்காத எல்லாப் பொருள்களின் பெயரையும் ஆரக்கிள் பெரிய எழுத்தாகவே சேமிக்கிறது. நிபந்தனையில் சிறிய எழுத்தில் எழுதினால் பிழை எதுவும் வராமல் வெறும் பூஜ்ய வரிசைகள் வரும், நீங்களும் "அப்படி ஓர் அட்டவணை இல்லை" என்று பதில் எழுதிவிடுவீர்கள்.

4. அகராதி காட்டும் எண்ணுக்கு வயது என்ன என்று பாருங்கள்

டிபிஏ_டேபிள்ஸில் நம்_ரோஸ் என்ற நெடுவரிசை உண்டு. இது அட்டவணையில் இப்போது இருக்கும் வரிசைகளின் எண்ணிக்கை என்று நினைத்தே பலரும் தொடங்குகிறார்கள். அது கடைசியாகப் புள்ளிவிவரம் திரட்டப்பட்டபோது இருந்த எண்ணிக்கை, சில அமைப்புகளில் மாதிரியெடுத்துச் செய்த மதிப்பீடு. எப்போது திரட்டப்பட்டது என்பது பக்கத்திலேயே லாஸ்ட்_அனலைஸ்டு என்ற நெடுவரிசையில் இருக்கிறது. இந்த இரண்டையும் எப்போதும் சேர்த்தே எடுங்கள், அறிக்கையில் தேதியின்றி நம்_ரோஸை எழுதாதீர்கள். இடமாற்றத் திட்டம் ஒன்றுக்காக நான் அனுப்பிய பட்டியலில் ஒரு பெரிய அட்டவணைக்கு நேரே பூஜ்யம் என்று இருந்தது. காலியாக இருந்தபோது புள்ளிவிவரம் எடுத்து, பிறகு அதைப் பூட்டிவைத்திருந்தார்கள். அதன்பின் எவ்வளவு தரவு ஏறினாலும் அந்த எண் அசையவில்லை. அப்படிப் பூட்டியிருக்கிறதா என்பதை டிபிஏ_டேப்_ஸ்டாட்டிஸ்டிக்ஸில் ஸ்டாட்டைப்_லாக்டு என்ற நெடுவரிசை சொல்லும்.

காலக்கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். யாரும் மாற்றாத அமைப்பில் தானியங்கிப் புள்ளிவிவரப் பணி வார நாள்களில் இரவு 10 மணிக்குத் தொடங்கும் 4 மணி நேரப் பராமரிப்பு நேரத்திலும், சனி ஞாயிறுகளில் காலை 6 மணிக்குத் தொடங்கும் 20 மணி நேரப் பராமரிப்பு நேரத்திலும் ஓடுகிறது. அட்டவணையில் 10 விழுக்காட்டுக்கு மேல் மாற்றம் நடந்திருந்தால்தான் அதன் புள்ளிவிவரம் பழையது என்று கருதப்படும். இடைப்பட்ட மாற்றங்களை டிபிஏ_டேப்_மாடிஃபிகேஷன்ஸில் பார்க்கலாம். ஆனால் அந்த எண்கள் நினைவகத்திலிருந்து தாமதமாக எழுதப்படக்கூடும் என்பதால், பார்க்கும் முன் டிபிஎம்எஸ்_ஸ்டாட்ஸ் பேக்கேஜில் உள்ள ஃப்ளஷ்_டேட்டாபேஸ்_மானிட்டரிங்_இன்ஃபோவை ஒருமுறை அழையுங்கள்.

இடக் கணக்கில் வேறொரு தவறு நேரும். டிபிஏ_ஃப்ரீ_ஸ்பேஸில் கோப்புகளுக்குள் இப்போது காலியாக உள்ள இடம் மட்டுமே இருக்கும். கோப்பு தானாக வளரும்படி அமைக்கப்பட்டிருந்தால் இன்னும் எவ்வளவு வளரலாம் என்பது டிபிஏ_டேட்டா_ஃபைல்ஸில் மேக்ஸ்பைட்ஸ் என்ற நெடுவரிசையில் இருக்கிறது. இதைச் சேர்க்காமல் கணக்கிட்டால் "95 விழுக்காடு நிரம்பிவிட்டது" என்று வீணாக எச்சரிக்கை பறக்கும். டிபிஏ_டேபிள்ஸ்பேஸ்_யூசேஜ்_மெட்ரிக்ஸ் அந்த வளர்ச்சியையும் சேர்த்துக் கணக்கிட்டுத் தருகிறது. ஆனால் அதன் எண்கள் பைட்டில் இல்லை, தரவைச் சேமிக்கும் அடிப்படை அலகான பிளாக்கில் இருக்கின்றன. தற்காலிகக் கோப்புகள் டிபிஏ_டெம்ப்_ஃபைல்ஸ் என்ற தனி வியூவில் உள்ளன.

டிபிஏ_ஆப்ஜெக்ட்ஸில் லாஸ்ட்_டிடிஎல்_டைம் மாறியிருந்தால் யாரோ அட்டவணையின் அமைப்பை மாற்றிவிட்டார்கள் என்று உடனே குற்றஞ்சாட்டாதீர்கள். அதன்மேல் ஓர் உரிமையைக் கொடுத்தாலும் பறித்தாலும்கூட அந்த நேரம் மாறும்.

5. இந்த நொடியில் என்ன நடக்கிறது என்பதை வி$செஷனில் படியுங்கள்

"தரவுத்தளம் மெதுவாக இருக்கிறது" என்று அழைப்பு வந்தவுடன் திறக்க வேண்டிய வியூ இதுதான். இதில் நெடுவரிசைகள் மிகுதி. கீழே சொல்லும் ஏழெட்டை மட்டும் எடுத்துத் திரையில் அடங்கும்படி ஒரு வினவல் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேட்டஸ் என்பதும் ஸ்டேட் என்பதும் வெவ்வேறு. ஸ்டேட்டஸ் ஆக்டிவ் என்றால் அந்த செஷன் ஓர் அழைப்பை நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது. இன்ஆக்டிவ் என்றால் பயன்பாட்டிடமிருந்து அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கிறது. ஸ்டேட் என்ற நெடுவரிசை வெயிட்டிங் என்று சொன்னால் மட்டுமே ஈவென்ட் என்ற நெடுவரிசையில் உள்ளது இப்போதைய காத்திருப்பு. ஸ்டேட்டில் வேறு எந்த மதிப்பு இருந்தாலும், ஈவென்ட்டில் நீங்கள் காண்பது முடிந்துபோன கடைசிக் காத்திருப்பு. ஆக்டிவாக உள்ள அந்த செஷன் இப்போது சிபியுவில் இயங்கிக்கொண்டோ, சிபியுவுக்காக வரிசையில் நின்றுகொண்டோ இருக்கிறது. ஸ்டேட்டைப் பார்க்காமல் ஈவென்ட்டை மட்டும் படித்து, வட்டு மெதுவாக இருக்கிறது என்று சேமிப்பகக் குழுவினரைத் தேவையில்லாமல் தொந்தரவு செய்தவன் நான். அன்று உண்மையில் நடந்தது, மோசமான செயல்திட்டம் ஒன்று சிபியுவைத் தின்றுகொண்டிருந்ததுதான்.

காத்திருப்பு நிகழ்வுகளின் பெயர்களும் ஏமாற்றும். டிபி ஃபைல் சீக்வென்ஷியல் ரீட் என்றதும் அட்டவணையைத் தொடக்கத்திலிருந்து வரிசையாகப் படிப்பது என்றே தோன்றும். அது ஒற்றை பிளாக்கைப் படிப்பது, பெரும்பாலும் இண்டெக்ஸ் வழியாக. முழு அட்டவணையையும் பல பிளாக்குகளாகப் படிக்கும்போது வருவதுதான் டிபி ஃபைல் ஸ்கேட்டர்டு ரீட். எஸ்க்யூஎல்நெட் மெசேஜ் ஃப்ரம் கிளையன்ட் என்பது ஐடில் வகையைச் சேர்ந்தது. பயன்பாடு எதுவும் கேட்கவில்லை, செஷன் சும்மா இருக்கிறது என்று அதற்குப் பொருள். உங்கள் வினவலில் வெயிட்_கிளாஸ் ஐடில் ஆக இருப்பவற்றை நீக்கிவிடலாம், ஒரு விதிவிலக்கைத் தவிர. அந்த விதிவிலக்கை ஒரு நிகழ்ச்சியோடு சொல்கிறேன்.

ஒரு பிற்பகலில், பதிவைச் சேமிக்க முயன்ற எல்லோருக்கும் திரை அப்படியே நின்றுவிட்டது. வி$செஷனைத் திறந்தேன். பத்துக்கும் மேற்பட்ட செஷன்கள் ஆக்டிவாக, வெயிட்டிங் நிலையில், வரிசைப் பூட்டுக்காகக் காத்திருப்பதைக் குறிக்கும் டிஎக்ஸ் ரோ லாக் கன்டென்ஷன் என்ற நிகழ்வில் நின்றன. எல்லாவற்றிலும் பிளாக்கிங்_செஷன் நெடுவரிசையில் ஒரே எண். அந்த எண்ணுக்குரிய செஷன் மட்டும் என் பட்டியலில் இல்லை, ஏனெனில் ஐடில் வகையை நான் வடிகட்டியிருந்தேன். வடிகட்டியை எடுத்துவிட்டுப் பார்த்தபோது அது இன்ஆக்டிவாக, எந்த எஸ்க்யூஎல்_ஐடியும் இன்றி அமைதியாக இருந்தது. லாஸ்ட்_கால்_ஈடி நெடுவரிசையில் 2,700 நொடிகள், அதாவது 45 நிமிடம் அது எதுவும் செய்யவில்லை. டிஏடிடிஆர் நெடுவரிசை காலியாக இல்லை என்பதால் முடிக்கப்படாத டிரான்சாக்ஷன் ஒன்று அதன் கையில் இருக்கிறது என்பது உறுதியாயிற்று. யாரோ ஒருவர் ஒரு கருவியில் அப்டேட் கட்டளையை ஓட்டிவிட்டு, கமிட் செய்து மாற்றத்தை உறுதிப்படுத்தாமல் இடத்தைவிட்டு எழுந்து போயிருந்தார்.

ஆகவே தடைகளைத் தேடும்போது ஐடிலை வடிகட்டாதீர்கள். தடுப்பவரையே மற்றொருவர் தடுத்திருக்கலாம் என்பதால் ஃபைனல்_பிளாக்கிங்_செஷன் என்ற நெடுவரிசையையும் எடுங்கள், சங்கிலியின் கடைசி முனை அதில் கிடைக்கும். தடுக்கும் செஷனின் ப்ரெவ்_எஸ்க்யூஎல்_ஐடியைப் பார்த்து, "இந்தக் கட்டளைதான் பூட்டியது" என்று எழுதிக்கொடுக்காதீர்கள். அது கடைசியாக ஓடிய கட்டளை மட்டுமே, பூட்டைப் பிடித்தது அதற்கு முன்பு ஓடிய வேறொன்றாக இருக்கலாம்.

செஷனை நிறுத்த முடிவு செய்வதற்கு முன், வி$டிரான்சாக்ஷனில் அதன் யூஸ்டு_யூரெக் எவ்வளவு என்று பாருங்கள். அது எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேலையைத் தரவுத்தளம் திரும்பிச் செயல்தவிர்க்க வேண்டியிருக்கும். நிறுத்திய பின் அந்த எண் குறைந்துகொண்டே வருவதை நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால், முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்று காத்திருப்பவர்களுக்கு ஓரளவு நம்பகமாகச் சொல்லலாம். நிறுத்தும்போது செஷனின் எண்ணான எஸ்ஐடியோடு சீரியல்# எண்ணையும் சரிபாருங்கள். ஒரு செஷன் முடிந்தவுடன் அதே எஸ்ஐடி புதிதாக வரும் வேறொருவருக்குப் போய்விடும்.

நீண்ட நேரம் ஓடும் வேலை எந்த அளவில் இருக்கிறது என்றறிய வி$செஷன்_லாங்காப்ஸ் உண்டு. 6 நொடிகளுக்கு மேல் ஓடும் குறிப்பிட்ட சில வகைச் செயல்கள் மட்டுமே அதில் வரும், எனவே ஒன்று அதில் இல்லை என்பதால் அது ஓடவில்லை என்று நினைக்க வேண்டாம்.

6. திரண்ட எண்களை இருமுறை எடுத்துக் கழியுங்கள்

வி$சிஸ்டம்_ஈவென்ட், வி$சிஸ்ஸ்டாட், வி$சிஸ்_டைம்_மாடல் ஆகியவற்றின் எண்கள் இன்ஸ்டன்ஸ் எழுந்ததிலிருந்து கூடிக்கொண்டே வருபவை. எப்போது எழுந்தது என்பதை வி$இன்ஸ்டன்ஸில் ஸ்டார்ட்அப்_டைம் சொல்லும். தளம் எழுந்து 90 நாள்கள் ஆகியிருந்தால் அந்தக் கூட்டுத்தொகையில் 2,160 மணி நேரம் அடங்கியிருக்கிறது. இன்று காலை ஒரு மணி நேரம் தளம் தவித்திருந்தாலும், சராசரியில் அது கண்ணுக்கே தெரியாது. ஆகவே பிரச்சினை நடக்கும்போது ஒரு படி எடுத்துச் சேமித்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி எடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழியுங்கள். அந்த வித்தியாசமே பேசத் தகுந்த எண்.

அலகுகளைக் குழப்பிக்கொள்வது இங்கேதான் அதிகம். வி$சிஸ்டம்_ஈவென்ட்டில் டைம்_வெயிட்டட் நொடியின் நூறில் ஒரு பங்கில் இருக்கிறது. அதன் அருகிலேயே உள்ள டைம்_வெயிட்டட்_மைக்ரோ நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில் இருக்கிறது. வி$சிஸ்_டைம்_மாடலிலும் வி$எஸ்க்யூஎல்லின் எலாப்ஸ்டு_டைமிலும் மைக்ரோ நொடிதான். மைக்ரோ நெடுவரிசைகளை மட்டுமே பயன்படுத்துவது என்று ஒரு விதியை வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

எஸ்க்யூஎல் கட்டளைகளின் கணக்குக்கு மூன்று வியூக்கள் போட்டியிடும். வி$எஸ்க்யூஎல்லில் ஒரே கட்டளை தன் துணை கர்சர்கள் (அதே கட்டளைக்கு நினைவகத்தில் உருவாகும் தனித்தனி வடிவங்கள்) ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசையாக வரும். வி$எஸ்க்யூஎல்ஏரியா அவற்றைக் கூட்டித் தரும். அன்றாடத் தேவைக்கு நான் பரிந்துரைப்பது வி$எஸ்க்யூஎல்ஸ்டாட்ஸ். அது விரைவாகப் பதில் தருகிறது, கர்சர் நினைவகத்திலிருந்து வெளியேறிய பிறகும் அதன் கணக்கை இன்னும் சற்று நேரம் வைத்திருக்கிறது. எதுவாயினும் இவை நினைவகத்தில் வாழ்பவை. நேற்றிரவு ஓடிய வேலையை இன்று காலை தேடினால் அது இல்லாமல் போயிருக்கலாம்.

மறுதொடக்கம் பற்றி ஒரு வேண்டுகோள். தளம் திணறும்போது "ஒருமுறை நிறுத்தி எழுப்பிவிடலாம்" என்ற குரல் நிச்சயம் எழும். எழுப்பினால் பிரச்சினை தற்காலிகமாகத் தீரவும் கூடும், ஆனால் நினைவகத்தில் இருந்த சான்றுகள் அத்தனையும் அதோடு போய்விடும். அப்படி ஒரு வாரத்தில் இரண்டு முறை எழுப்பப்பட்ட தளத்தில், காரணம் என்ன என்று கேட்டபோது என்னிடம் காட்ட ஒரு வரிகூட இருக்கவில்லை. இப்போது என்னிடம் ஒரு ஸ்கிரிப்ட் தயாராக இருக்கிறது. வி$செஷன், வி$சிஸ்டம்_ஈவென்ட், வி$சிஸ்_டைம்_மாடல், வி$எஸ்க்யூஎல்ஸ்டாட்ஸ் ஆகிய நான்கையும் தேதி நேரம் சேர்த்த பெயரில் தனி அட்டவணைகளாகப் படியெடுத்துவிடும். அந்தச் சில நிமிடங்களைக் கேட்டு வாங்குங்கள், மறுதொடக்க ஒப்புதல் படிவத்திலேயே ஒரு படியாக அதைச் சேர்த்துவிடுங்கள்.

7. கட்டணம் உள்ள வியூக்களைத் தெரியாமல் திறக்காதீர்கள்

பழைய விவரங்களைத் தேடும்போது டிபிஏ_ஹிஸ்ட்_ என்று தொடங்கும் வியூக்கள் கண்ணில் படும். வழக்கமான அமைப்பில் ஏடபிள்யூஆர் என்ற தானியங்கிப் பணிச்சுமைப் பதிவகம் மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து 8 நாள்கள் வைத்திருக்கிறது. வி$ஆக்டிவ்_செஷன்_ஹிஸ்டரி நொடிக்கு ஒருமுறை செயலில் உள்ள செஷன்களை மாதிரியெடுக்கிறது. அந்த மாதிரிகளில் பத்தில் ஒன்று வட்டில் நிலைக்கிறது. மிகப் பயனுள்ள விவரங்கள் இவை. ஆனால் ஒருசில விதிவிலக்குகள் நீங்கலாக, இவற்றைப் பயன்படுத்த டயக்னாஸ்டிக்ஸ் பேக் என்ற தனி உரிமம் வேண்டும். அந்த பேக் என்டர்பிரைஸ் பதிப்புக்கு மட்டுமே கிடைக்கிறது. ஸ்டாண்டர்ட் பதிப்பில் பணம் கொடுத்தாலும் வாங்க முடியாது. வி$எஸ்க்யூஎல்_மானிட்டருக்கு இதன் மேல் டியூனிங் பேக்கும் வேண்டும்.

ஆபத்து எங்கே என்றால், உங்களைத் தடுக்க வாசலில் யாரும் இல்லை. வினவல் ஓடும், விடை வரும், எச்சரிக்கை எதுவும் வராது. என்டர்பிரைஸ் பதிப்பில் கன்ட்ரோல்_மேனேஜ்மென்ட்_பேக்_ஆக்சஸ் என்ற பாராமீட்டர், யாரும் மாற்றாதபோது, இரண்டு பேக்குகளும் இருப்பதாகவே அமைந்திருக்கிறது. மறுபுறம், எந்தெந்த வசதிகள் பயன்படுத்தப்பட்டன என்பதைத் தரவுத்தளமே வாரம் ஒருமுறை டிபிஏ_ஃபீச்சர்_யூசேஜ்_ஸ்டாட்டிஸ்டிக்ஸில் குறித்து வைக்கிறது. உரிமத் தணிக்கை வரும்போது கேட்கப்படும் ஆவணங்களில் அதுவும் ஒன்று. நான் பணிபுரிந்த ஓரிடத்தில், நல்லெண்ணத்தோடு நாங்கள் எடுத்த ஏடபிள்யூஆர் அறிக்கைகள் அந்த வியூவில் வரிசையாகப் பதிவாகியிருந்தன, அதற்குரிய உரிமம் இருந்ததா என்று அதற்குப் பிறகுதான் தேடத் தொடங்கினோம். அந்தச் சில நாள்களின் கவலையை நான் யாருக்கும் விரும்பமாட்டேன்.

எனவே 1-ஆம் படியில் கேட்ட உரிமத் தாளைப் பாருங்கள். பேக் இல்லையென்றால் அந்தப் பாராமீட்டரை நன், அதாவது எதுவுமில்லை, என்று மாற்றும்படி எழுத்தில் கேளுங்கள். தளத்தை நிறுத்தாமலேயே மாற்றலாம். மாற்றிய பிறகும் டிபிஏ_ஹிஸ்ட்_ வியூக்களை நேரடியாக வினவும் பழைய ஸ்கிரிப்ட்டுகள் எங்கேனும் மிச்சமிருக்கின்றனவா என்று தேடி நீக்குங்கள், நேரடி வினவலும் உரிமத்துக்குள்தான் வரும்.

கட்டணமில்லா மாற்று ஸ்டாட்ஸ்பேக். மென்பொருளின் ஆர்டிபிஎம்எஸ் அடைவுக்குள் அட்மின் என்ற துணை அடைவில் உள்ள எஸ்பிக்ரியேட் ஸ்கிரிப்ட்டை ஓட்டினால் பெர்ஃப்ஸ்டாட் என்ற பயனர் உருவாகி, தேவையான அட்டவணைகள் அமையும். அதற்கெனத் தனி டேபிள்ஸ்பேஸை முன்கூட்டியே ஒதுக்குங்கள். எஸ்பிஆட்டோ மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கும், எஸ்பிரிப்போர்ட் இரண்டு ஸ்னாப்ஷாட்டுகளுக்கு இடைப்பட்ட அறிக்கையைத் தரும். இரண்டுக்கும் நடுவில் மறுதொடக்கம் நடந்திருந்தால் அறிக்கை பயன்படாது. பழைய ஸ்னாப்ஷாட்டுகள் தாமாக நீங்குவதில்லை, எனவே எஸ்பிபர்ஜை ஓட்டும் பொறுப்பை ஒருவருக்கு ஒதுக்கிவிடுங்கள்.

8. பார்ப்பதற்கும் விலை உண்டு

இந்த வியூக்களை வினவுவதும் தளத்துக்கு ஒரு வேலைதான். டிபிஏ_எக்ஸ்டென்ட்ஸை நிபந்தனையின்றி வினவினால் பெரிய தளங்களில் பல நிமிடங்கள் ஓடும்; கோப்பு எண்ணும் பிளாக் எண்ணும் கையில் இருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள். அட்டவணையின் அளவு வேண்டுமென்றால் டிபிஏ_செக்மென்ட்ஸ் போதும். டிபிஏ_ஃப்ரீ_ஸ்பேஸ் திடீரென்று மெதுவானால் ரீசைக்கிள் பின்னில் எவ்வளவு குவிந்திருக்கிறது என்று பாருங்கள், நீக்கப்பட்ட அட்டவணைகள் அங்கே தங்கி அந்த வினவலை இழுத்துப் பிடிப்பது வழக்கம்.

எல்லா உள்விவர வினவல்களும் பொதுவாகவே மந்தமாக இருந்தால், டிபிஎம்எஸ்_ஸ்டாட்ஸில் உள்ள கேதர்_டிக்ஷனரி_ஸ்டாட்ஸும் கேதர்_ஃபிக்ஸ்டு_ஆப்ஜெக்ட்ஸ்_ஸ்டாட்ஸும் கடைசியாக எப்போது ஓடின என்று விசாரியுங்கள். பின்னது நினைவக அமைப்புகளின் புள்ளிவிவரத்தை எடுப்பதால், தளம் காலியாக இருக்கும் நள்ளிரவில் எடுத்தால் பயன் குறைவு. வழக்கமான சுமை இருக்கும்போது, ஆனால் உச்ச நேரத்தைத் தவிர்த்து எடுக்க வேண்டும்.

ஐந்து நொடிக்கு ஒருமுறை வி$ வியூக்களை வினவும் கண்காணிப்புக் கருவி ஏதேனும் ஏற்கெனவே ஓடுகிறதா என்றும் பாருங்கள். வி$செஷனில் புரோகிராம், மெஷின் ஆகிய நெடுவரிசைகள் அதைக் காட்டிக்கொடுக்கும். இரண்டு குழுக்கள் தனித்தனியே ஒரே வேலையைச் செய்யும் இரண்டு கருவிகளை ஓட்டிக்கொண்டிருந்ததை நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன். ஒன்றை நிறுத்தியதும் அந்தத் தளத்தின் அதிகம் ஓடும் கட்டளைகளின் பட்டியலில் முதலிடத்தில் இருந்த வரி மறைந்தது.